தருமம் தொடங்கப் போகிற பிள்ளைக்கு

பிள்ளை, ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நீ சொல்லித் திரிவதாகக் கேள்விப்பட்டேன். சந்தோஷம். ஒடியல் கூழ் குடித்து, மூத்தவர்கள் போட்டுக் கழித்த சட்டையைப் போட்டு, யாழ்ப்பாணத்துத் தீவூரான நம் சாட்டியிலிருந்து வேலணைக்கு நடந்து போய்ப் படித்த நீ இன்று சம்பளம் எடுக்கிறாய். எடுத்த கையோடு ஊர்ப் பிள்ளைகளை நினைக்கிறாய். இந்த மனம் எல்லோருக்கும் வராது. வந்த மனத்தை வாடவிடாமல் வைத்திருப்பது அதைவிடக் கடினம். நானும் அந்த வெள்ளை மணலில் வளர்ந்தவன்தான். அம்மா இழைத்த பாயும் பொத்திய கடகமும் விற்ற காசில் படித்து, வாத்தியாராகி, ஊர்ச் சங்கங்களில் நெடுங்காலம் இருந்தவன். அங்கே கண்டதையும் பட்டதையும் உனக்காக எழுதி வைக்கிறேன். ஆறுதலாக வாசி.

1. பட்ட வறுமையை மறந்துவிடாதே; அதைக் கடைவிரிக்கவும் செய்யாதே. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்த பிள்ளை வகுப்பில் எப்படி இருக்கும், இடைவேளை மணி அடித்ததும் ஏன் தண்ணீர் குடிக்கப் போகும் என்பதெல்லாம் உனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. எங்கள் காலத்தில் பள்ளிக்கூடத்தில் பணிஸ் கொடுத்தார்கள். பாதியைத் தின்றுவிட்டு, மீதியை வீட்டில் இருக்கும் தங்கச்சிக்காகக் காற்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு போன பெடியன்கள் வகுப்புக்கு வகுப்பு இருந்தார்கள். அதைக் கவனிக்கிற கண் உனக்கும் இருக்கிறது. அது பசி தந்த கண். அதை வைத்துக்கொள். ஆனால் மேடைக்கு மேடை உன் பட்டினியைச் சொல்லிக் காசு சேர்க்காதே. அந்தப் பட்டினியில் உன் அம்மாவின் மானமும் கலந்திருக்கிறது.

2. உன்னைத் தூக்கிவிட்டவர்களை எண்ணிப்பார். "நான் முன்னுக்கு வரவில்லையா, இவர்களுக்கு மட்டும் என்ன?" என்று ஒருநாளும் கேட்டுவிடாதே. 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கரா இலவசக் கல்வியைக் கொண்டுவந்திராவிட்டால் என்னைப் போன்றவன் ஐந்தாம் வகுப்போடு தெற்கே ஏதாவது ஒரு கடையில் எடுபிடியாகப் போயிருப்பான். தீவுப் பிள்ளைகள் பலர் அப்படித்தான் போனார்கள். அதற்கும் முன்னே, 1923இல் சைவ வித்தியா விருத்திச் சங்கத்தைத் தொடங்கி, கிராமம் கிராமமாகப் பள்ளிக்கூடம் திறந்தார் 'இந்து போர்ட்' இராசரத்தினம். பாதிரிமாரும் பள்ளிக்கூடம் வைத்தார்கள். நீ ஏறி வந்த படியை யாரோ கட்டி வைத்திருந்தார்கள். இப்போது உன் முறை வந்திருக்கிறது, அவ்வளவுதான். இந்த நினைவு இருந்தால் உன் தலை கனக்காது.

3. கொடுப்பதற்கு முன் கேள். ஒருமுறை ஒரு பிள்ளை அடிக்கடி பள்ளிக்கு வராமல் நின்றது. கொப்பி இல்லையாக்கும் என்று சங்கத்தார் கொப்பி வாங்கிக் கொடுத்தார்கள். பிறகும் வரவில்லை. வீட்டுக்குப் போய்த் திண்ணையில் இருந்து கதைத்தபோதுதான் தெரிந்தது, தண்ணீர்ப் பவுசர் வருகிற நாளில் குடத்தோடு காத்திருக்கிற வேலை அந்தப் பிள்ளையுடையது என்று. தாய் கூலிவேலைக்குப் போய்விடுவாள். வேறு ஆள் இல்லை. அயல்வீட்டு ஆச்சி அந்தக் குடத்தைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னதும் பிள்ளை பள்ளிக்கு வந்தது. ஒரு சதமும் செலவாகவில்லை. ஆகையால் முதலில் படலையைத் திறந்து உள்ளே போ. அவர்கள் சொல்வதை முழுவதும் கேள். உன் பட்டியலைப் பிறகு எழுது.

4. ஊரின் பிடியரிசியில் தொடங்கு. உலைவைக்கிற அரிசியில் ஒரு பிடியை எடுத்து வேறொரு முட்டியில் போட்டுவிட்டுச் சமைப்பது நம் வீடுகளின் பழைய வழக்கம். வாரம் முடியச் சேர்ப்பவர்கள் வருவார்கள். முட்டியைக் கவிழ்த்துக் கொடுப்போம். பள்ளிக்கூடங்களும் மடங்களும் அந்த அரிசியில் வளர்ந்தன. என் அம்மாவின் முட்டி பல வாரம் அரைவாசிதான் நிறையும். ஆனாலும் அதைக் கொடுக்கிறபோது அவள் நிமிர்ந்து நிற்பாள். அன்று வாங்குகிற வீடாக மட்டும் இருந்திருந்தால் அந்த நிமிர்வு வந்திராது. கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் பாரிசிலிருந்தும் காசு வரும். அதுவும் நம் பிள்ளைகள் பனியில் நின்று உழைத்த காசுதான், மரியாதையோடு வாங்கு. ஆனாலும் சாட்டியில் இருப்பவர்கள் மாதம் நூறு ரூபாயாவது போடட்டும். ஊர் போட்ட காசு உள்ளே இருந்தால்தான் ஊர் காவல் நிற்கும்.

5. வாங்குகிற கையின் மானத்தைக் காப்பாற்று. இந்தக் கடிதத்தில் ஒன்றை மட்டும் நீ நினைவில் வைத்திருப்பாயானால் இதை வைத்திரு. இப்போதெல்லாம் பதாகை கட்டி, பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்தி, சப்பாத்துப் பெட்டியை நெஞ்சுக்கு நேரே பிடிக்கச் சொல்லிப் படம் எடுக்கிறார்கள். அந்தப் படம் முகநூலில் ஏறுகிறது. பத்து வருடம் கழித்து அந்தப் பிள்ளைக்குக் கலியாணம் பேசுகிறபோதும் அது அங்கேதான் கிடக்கும். நீ அப்படிச் செய்யாதே. சப்பாத்து வாங்குவதென்றால் வகுப்பாசிரியரிடம் சொல்லி, ஒரு தாளில் காலை வைத்துக் கோடு கீறி அளவு எடு. பெட்டியைத் தாயின் கையில் கொடு. தாய் அதைப் பிள்ளைக்குக் கொடுக்கட்டும். அம்மா வாங்கித் தந்த சப்பாத்து என்று பிள்ளை துள்ளிக்கொண்டு போகும். காசு தந்தவர் படம் கேட்டால் பற்றுச்சீட்டை அனுப்பு. அதற்குச் சம்மதிக்காதவரின் காசு வேண்டாம் என்று சொல்லும் துணிவு உனக்கு வர வேண்டும்.

6. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு. நல்லவன் என்ற பெயர் கணக்குக்குப் பதிலாகாது. முதல் ரூபாய்க்கே பற்றுச்சீட்டு எழுது. பிரதேச செயலகத்தில் சங்கத்தைப் பதிவுசெய். வங்கிக் கணக்கைச் சங்கத்தின் பெயரில் திற. காசெடுக்க இரண்டு கையொப்பம் வேண்டும் என்று வை. அந்த இரண்டு கையும் ஒரு வீட்டுக் கைகளாக இருக்கக்கூடாது. வருடம் ஒருமுறை பொதுக்கூட்டம் வைத்து, வரவையும் செலவையும் உரத்து வாசி. நல்லவர்கள் நடத்திய சங்கங்கள் கணக்குக் கொப்பி எழுதாத ஒரே காரணத்தால் சந்தேகத்தில் கலைந்ததைக் கண்டிருக்கிறேன். களவு நடக்கவில்லை. களவில்லை என்று காட்ட ஒரு தாளும் இருக்கவில்லை.

7. சாட்டிக் கிணற்றை நினைத்துச் செலவழி. சுற்றிக் கடல் கிடக்க, நம் கிணற்றுத் தண்ணீர் எப்படி இனிக்கிறது என்று யோசித்திருக்கிறாயா? மாரி மழை மணலிலும் சுண்ணக்கல்லிலும் ஊறி, உவர்த் தண்ணீருக்கு மேலே மெல்லிய படையாக நிற்கிறது. அளவாக அள்ளினால் அயல் தீவுகளுக்கும் கொடுக்கலாம். இயந்திரம் பூட்டி ஒரேயடியாக இறைத்தால் அடியில் கிடக்கிற உவர் மேலே ஏறிவிடும். பிறகு அந்தக் கிணறு எவருக்கும் உதவாது. சங்கத்தின் முதலும் அப்படித்தான். ஒரு பெரிய விழாவுக்கு எல்லாவற்றையும் இறைத்துவிடாதே. ஒரு பிள்ளையை எடுத்தால் சாதாரண தரம் முடியும்வரை கைவிடாதே. நடுவில் கைவிடப்பட்ட பிள்ளைக்கு முதலில் இருந்த வறுமையோடு ஏமாற்றமும் சேர்ந்துவிடும்.

8. எவர் பிள்ளை என்று கேட்காதே. சாட்டியில் சிந்தாத்திரை மாதா கோயில் இருக்கிறது, பக்கத்து மண்கும்பானில் பிள்ளையார் இருக்கிறார், பள்ளிவாசலும் உண்டு. பசிக்கு இவற்றில் எதுவும் தெரியாது. மத வேறுபாட்டைவிடப் பொல்லாத ஒன்று நம்மிடம் உண்டு, அது சாதி. நல்ல தண்ணீர்க் கிணற்றில் எல்லோரையும் அள்ளவிடாத காலத்தை யாழ்ப்பாணம் கண்டது. குடத்தோடு தள்ளி நின்று, யாராவது ஊற்றுவார்களா என்று காத்திருந்த பெண்களை நான் சிறுவனாகப் பார்த்திருக்கிறேன். இன்று வெளியில் தெரியாவிட்டாலும் நிர்வாகசபைப் பட்டியலில் அந்தப் பழைய வேலி ஒளிந்திருக்கும். உன் சங்கத்தில் தலைவர், பொருளாளர் கதிரைகளில் யார் இருக்கிறார்கள் என்று பார். பாயில் எல்லோரையும் இருத்தி, கதிரையில் சிலரை மட்டும் இருத்துவது தருமம் ஆகாது.

9. தனியாளாக நிற்காதே. வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் நடுவே கடலை மறித்துக் கிடக்கிற பாதையை வாணர் பாலம் என்கிறோம். அந்தப் பாதைக்காகப் பாடுபட்ட அம்பலவாணர் சகோதரர்களின் பெயர் அது. இருவரும் ஊரையே தங்களோடு சேர்த்துக்கொண்டதால்தான் கடல் வழிவிட்டது. 1958இல் ஆரியரத்தின என்ற ஆசிரியர் தன் மாணவர்களை ஒரு பின்தங்கிய கிராமத்துக்கு அழைத்துப்போய் மண்வெட்டி பிடித்தார். சர்வோதய இயக்கம் அப்படித்தான் பிறந்தது. காசில்லாதவனிடமும் கொடுக்கக் கை இருக்கிறது என்று சிரமதானம் காட்டியது. நீயும் உன்னைவிடச் சின்னவர்களை இப்போதே பக்கத்தில் இருத்திப் பழக்கு. நீ இல்லாத கூட்டம் நல்லபடி நடந்தால் மனம் நோகாதே. அன்றுதான் உன் சங்கம் காலூன்றியது.

10. உன் வீட்டு அடுப்பை அணையவிடாதே. ஊர்ப் பிள்ளைக்குக் கட்டணம் கட்டிவிட்டு, தன் தாயின் மருந்துக்குக் கடன் கேட்கிறவனை ஊர் புகழும். தாய் மனதுக்குள் அழுவாள். சம்பளத்தில் ஒரு பங்கைத் தருமத்துக்கென்று ஒதுக்கு, அதற்குமேல் தொடாதே. சங்கத்துக் காசையும் உன் காசையும் ஒரு பையில் போடாதே. இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போ. வீட்டார் மனமுவந்து விட்டுக்கொடுக்கிற நேரமும் நீ கொடுக்கிற தருமத்தில் சேர்த்திதான்.

11. ஆபுத்திரனை நினைத்துக்கொள். நயினாதீவே மணிபல்லவம் என்பது நம் தீவார் நம்பிக்கை. அங்குள்ள அன்னதான மடத்துக்கும் அமுதசுரபி என்றே பெயர். மணிமேகலை சொல்கிற கதையில், பெற்றவளால் விடப்பட்ட குழந்தை ஆபுத்திரன். மதுரைத் தெருக்களில் பிச்சை எடுத்து, பார்வையற்றவர்க்கும் நடக்க இயலாதவர்க்கும் ஆதரவற்றவர்க்கும் முதலில் ஊட்டி, மிஞ்சியதைத் தான் உண்டான். அள்ள அள்ளக் குறையாத பாத்திரமான அமுதசுரபி கிடைத்ததும் அப்படிப்பட்டவனுக்குத்தான். பிறகு நாட்டில் மழை பெய்து வளம் பெருகி, பசி என்று வருவார் இல்லாமல் போயிற்று. அவன் என்ன செய்தான்? பசி இருக்கிற இடம் தேடிக் கப்பல் ஏறினான். வழியில் மணிபல்லவம் என்ற ஆளில்லாத தீவில் தனித்துவிடப்பட்டபோது, தன் ஒரு வயிற்றுக்காக அந்தப் பாத்திரத்தை வைத்திருக்க மனமில்லாமல் பொய்கையில் விட்டான். உன் சங்கமும் அப்படி இருக்கட்டும். ஒரு குடும்பம் தன் காலில் நின்றதும் மகிழ்ச்சியோடு பட்டியலிலிருந்து பெயரை எடு. சங்கம் நிலைக்க வேண்டும் என்பதற்காக எவரையும் வறியவராக வைத்திருக்காதே.

12. நன்றியை எதிர்பாராதே. தெல்லிப்பழைத் துர்க்கையம்மன் கோயிலின் தலைவியாக இருந்த தங்கம்மா அப்பாக்குட்டி அம்மையார் கோயிலுக்கு வந்த காசில் ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்கு இல்லம் நடத்தினார். வளர்ந்து வாழப்போன பிள்ளைகள் எல்லோரும் திரும்பி வந்து கும்பிட வேண்டும் என்றா அதைச் செய்தார்? நீ படிப்பித்த பிள்ளை ஒருநாள் பஸ்சில் உன்னைக் கண்டும் காணாததுபோல் முகத்தைத் திருப்பலாம். அந்தப் பிள்ளைக்குத் தன் பழைய நாட்களை நினைக்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அது நல்ல உடுப்போடு வேலைக்குப் போகிறதே என்று பார்த்துச் சந்தோஷப்படு.

இவ்வளவையும் வாசித்துவிட்டு, எல்லாம் சரியாக அமையட்டும் என்று காத்திருக்காதே, பிள்ளை. 1990க்குப் பிறகு போரால் இடம்பெயர்ந்து, பாயும் பானையுமாக அலைந்து திரும்பிய ஊர் இது. எதுவும் முழுதாக அமைந்த பிறகு தொடங்கிய வழக்கம் இங்கே இல்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை நாலு பேரைச் சனசமூக நிலையத்துக்குக் கூப்பிடு. ஒரு கொப்பி வாங்கு. முதல் பக்கத்தில் உன் பெயருக்கு நேரே நீ போடுகிற தொகையை எழுது. அடுத்த நாள் ஒரே ஒரு வீட்டுப் படலையைத் திற. அந்த ஒரு பிள்ளையைப் படிப்பித்து முடி. மற்றது தானாக வரும். நல்லாயிரு.