தேசப்படமும் அரசாங்கப் பணமும்

ஒரு தேசத்தின் படம் ஒருமுறை வரைந்து முடித்துவிடத்தக்க சித்திரமன்று. வீடு எழும்பும், வீதி திரும்பும், குளம் தூரும். நிலம் மாறுந்தோறும் படமும் மாறவேண்டும். ஆதலின், படத்தைக் காகிதத்தினின்று கணினிக்கு மாற்றப்புகும் அரசாங்கம் முதற்கண் தீர்மானிக்கவேண்டியவை இரண்டு: அப்படம் எதற்குப் பயன்படும்? அதனைப் புதுப்பிக்கும் செலவை ஆண்டுதோறும் யார் தாங்குவர்? இவற்றைப் பிரிட்டனின் சரித்திரங்கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

அந்நாட்டின் படங்களை வரைவது ஆர்ட்னன்ஸ் சர்வே என்னும் நிலையம். பிரெஞ்சுப் படையெடுப்பைக் குறித்த அச்சம் நிலவிய காலத்தில், 1791-ஆம் ஆண்டில், பீரங்கி முதலிய தளவாடங்களைக் கவனித்துவந்த இலாகாவின்கீழ் அது தோன்றியது. அதனாலேயே அதற்கு இப்பெயர். நகரங்களை 1,250-இல் ஒரு பங்காகவும், நாட்டுப்புறங்களை 2,500-இல் ஒரு பங்காகவும், மலைகளையும் தரிசுகளையும் 10,000-இல் ஒரு பங்காகவும் சுருக்கி வரைந்த அதன் தாள்கள் ஏறத்தாழ 2,30,000. இவற்றை எண்ணுருவாக்கும் வேலை 1970-களின் தொடக்கத்தில் ஆரம்பமாயிற்று.

எண்ணுருவாக்குதலாவது யாதெனின், படத்தை மேசைமேல் விரித்து, அதிலுள்ள ஒவ்வொரு கோட்டையும் ஒரு கருவியால் தொட்டுத் தொடர்வர். தொட்ட இடம் கிழக்கே எவ்வளவு, வடக்கே எவ்வளவு என்னும் இரண்டு எண்கள் கணினியிற் பதியும். இங்ஙனம் கோடெல்லாம் எண்வரிசையாகும். கையாற் செய்யும் இவ்வேலை மெதுவானது. தாள்கள் அனைத்தும் முடிந்தது 1995-ஆம் ஆண்டில்.

நிற்க. தொடக்கத்தில் இவ்வேலையின் நோக்கம், பெரும்பாலும் காகிதப் படத்தை எளிதில் மீண்டும் அச்சிடுதலே. ஆகவே கணினி கோடுகளை அறிந்ததேயன்றிப் பொருள்களை அறியவில்லை. நான்கு கோடுகள் கூடினால் அது வீடோ வயலோ என்பது அதற்குத் தெரியாது. தண்ணீர்க்குழாயும் மின்கம்பியும் பரப்புவோர்க்கு வேண்டியதோ பொருள்களைப் பற்றிய அறிவு. இக்குறை தீர, 40 கோடிக்கு மேற்பட்ட பொருள்களுக்குத் தனித்தனி அடையாள எண் கொடுத்து, மாஸ்டர்மேப் என்னும் தொகுதி 2001-இல் வெளியாயிற்று. நோக்கத்தை முன்னரே வரையறுத்திருப்பின் இரட்டை உழைப்பு குறைந்திருக்கும் என்று நாம் கருதுகிறோம்.

பணத்தின் கதையும் இத்தகையதே. படத்தை விற்றே செலவை ஈட்டுமாறு அரசாங்கம் வற்புறுத்திவந்தது. 1999-இல் அந்நிலையம் தன் வருவாயைக்கொண்டே நடக்கும் வர்த்தக நிதியமாயிற்று. இம்முறைக்கு நன்மையுண்டு: விலை கொடுப்போர் உள்ளவரை புதுப்பித்தல் நில்லாது. தீமையுமுண்டு: வரி செலுத்திய குடிகள் மறுபடியும் விலை கொடுத்தல் வேண்டும், ஏழை மாணவன் வாயிலிலேயே நிற்பான். 2010 ஏப்ரலில் சில தொகுதிகள் இலவசமாக வெளியிடப்பட்டன. 2020 ஏப்ரலில், பொது அலுவலகங்கள் தனித்தனியே விலைகொடாது படங்களைப் பயன்படுத்தும்பொருட்டு, பத்தாண்டுகளுக்கு ஏறத்தாழ 100 கோடி பவுன் பெறுமான உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது.

நம் இந்தியாவும் இவ்வழியில் இறங்கியுள்ளது. 2022 டிசம்பரில் வெளியான தேசியப் புவியிடக் கொள்கை, 2030-க்குள் நாடு முழுமைக்கும் நுண்ணிய படம் வேண்டுமென்று குறித்தது. 2025-26 வரவுசெலவுத் திட்டம் தேசியப் புவியிட இயக்கத்திற்கு 100 கோடி ரூபாய் ஒதுக்கியது. அத்தொகை பெரிதோ சிறிதோ என்பதினும், முடிந்த படத்தை அடுத்த ஆண்டில் திருத்துவதற்குப் பொருள் எங்கிருந்து வரும் என்பதே நாம் வினவத்தக்கது. ஏரி வெட்டிய நம் முன்னோர், அதனைப் பேணுதற்கும் நிலம் விட்டுச்சென்றதைக் கல்வெட்டுகள் கூறும். தேசப்படத்திற்கும் அம்முன்யோசனை வேண்டும்.