மண்டலம் தாண்டும் மடல்



தம்பி, காரைக்காலில் உன் வீட்டு ராஸ்பெரி பை சிறுகணினியில் ஒரு பிபிஎஸ் (மடல் பலகை) ஏற்றிவிட்டு, இத்தகைய பலகைகள் தமக்குள் மடல் மாற்றிக்கொள்ளும் ஃபிடோநெட்டில் நோட் எண், அதாவது உன் நிலையத்துக்கான எண், கேட்டிருக்கிறாய். நல்லது. மூன்றாம் மண்டலத்தில் சேரச் சொல்கிறார்களே, அது ஆஸ்திரேலியப் பக்கமாயிற்றே என்பது உன் குறை. ஆசியாவுக்கென்று இருந்த ஆறாம் மண்டலத்தை 2007 ஜூலையில் கலைத்து, மிச்ச நோட்களை மூன்றில் சேர்த்துவிட்டார்கள். அதனால் உனக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. முகவரி வேறு, வழி வேறு. காரைக்கால்காரருக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா? உங்கள் ஆட்சி புதுச்சேரியில், ஆனால் உங்கள் பின்கோடு அந்த ஊரைப்போல் 605 என்று தொடங்காது, அது 609602. அதே ஆட்சியிலுள்ள மாஹேக்கு 673, ஏனாமுக்கு 533 என்று தொடங்கும். தபால் பை பக்கத்து மாவட்டத்து வழியாகத்தான் வருகிறது.

டாம் ஜென்னிங்ஸ் 1984-இல் ஃபிடோநெட்டைத் தொடங்கியபோது ஒரு நோட் இன்னொன்றை நேராகப் போனில் கூப்பிட்டது. கண்டம் விட்டுக் கண்டம் அப்படிக் கூப்பிட்டால் பில் யார் கட்டுவது? அதனால் ஒவ்வொரு மண்டலத்திலும் வெளிமண்டல மடல்களைச் சேர்த்து ஒரே அழைப்பில் அனுப்ப வாயில் நோட்கள் வந்தன. ஆறிலிருந்து ஒன்றுக்குப் போகும் வாயிலின் முகவரி 6:6/1 (மண்டலம்:நெட்/நோட்) என்று இருந்தது. நோட்கள் தமக்குள் மடல் மாற்றிக்கொள்ள ஒதுக்கிய ஆறாம் மண்டலத்தின் மடல் நேரம் நம் கடிகாரத்தில் இரவு 1:30 முதல் 2:30 வரை இருந்தது. அந்த ஒரு மணி நேரம் பயனர்களுக்கு லைன் கிடைக்கவில்லை.

நீ கவனிக்க வேண்டியது இதுதான். மடலின் பழைய தலைப்பகுதியில் நெட் எண்ணும் நோட் எண்ணும் மட்டுமே உண்டு. மண்டல எண்ணுக்கு இடமே இல்லை. அதை உடலுக்குள் ஐஎன்டிஎல் என்ற மறைவரி சுமக்கிறது. அந்த வரி தொலைந்தால், அமெரிக்காவுக்கு எழுதிய மடல் உன் மண்டலத்திலேயே அதே எண் கொண்ட யாருக்காவது போய்ச் சேரும். அவரும் குழம்பிப்போவார், பாவம்.

எல்லோரும் படிக்கும் பொது அரங்க மடலான எக்கோமெயிலில் சிக்கல் இன்னும் நுணுக்கமானது. யார் யார் ஏற்கெனவே பார்த்தார்கள் என்று சொல்லும் சீன்-பை வரிகளிலும் மண்டலம் கிடையாது. எல்லை தாண்டும்போது வாயில் நோட் பழைய பட்டியலை நீக்க வேண்டும். நீக்காவிட்டால், எண் ஒத்துப்போகும் வேறொருவர் ‘பார்த்துவிட்டார்’ என்று கணக்காகி அவருக்கு மடல் கிடைக்காது. ஒரே எக்கோவுக்கு இரண்டு அப்லிங்க் (மடல் தரும் மேல்நோட்) வைக்கும் ஆசையையும் விடு; மடல் வளையமாகச் சுற்றி நகல்களாக வரும். நகல்களைத் தடுக்கும் மென்பொருள் இருக்கிறதுதான், ஆனால் அதை நம்பி வளையம் போடுகிறவனை நான் நல்ல சிசாப் (பலகை நடத்துபவர்) என்று சொல்லமாட்டேன்.

இன்று இணையம் வழியே மடல் மாற்றும் பிங்க்பி நெறிமுறையில் மண்டலத்தோடு முழு முகவரியும் போகிறது. இணையத்தில் தூரத்துக்குத் தனிக் கட்டணமும் இல்லை. ஆகவே நெட்மெயிலை (தனி மடலை) முடிந்தவரை நேரடியாக அனுப்பு, முடியாததை மட்டும் பிறருக்காக மடல் சுமக்கும் ஹப்பிடம் கொடு. எல்லா முகவரிகளையும் குறிக்கும் ஒரே நட்சத்திரக்குறியால் அனைத்தையும் மேலே தள்ளிவிடுவது சோம்பேறித்தனம். பிறர் மடல் உன் வழியாகப் போனால் படிக்காதே, திருத்தாதே, மடல் கடந்த நோட்டைக் குறிக்கும் வியா வரியைச் சேர்த்து அனுப்பிவிடு. பிறர் மடலைச் சுமக்க நீ கடமைப்பட்டவன் அல்ல. சுமக்கிறேன் என்று ஒப்புக்கொண்டபின் பாதியில் விட்டுவிடாதே.

எண் கிடைத்ததும் நோட்களின் பட்டியலான நோட்லிஸ்டில் பிங் கொடி (குறிச்சொல்) உள்ள ஒரு நோட்டை ஒன்றாம் மண்டலத்தில் தேடி, ‘பிங்’ என்ற பெயருக்கு ஒரு நெட்மெயில் போடு. உன் மடல் கடந்த வியா வரிகளை அது திருப்பி அனுப்பும். அந்த வரிகளை அப்படியே எனக்கு அனுப்பிவை.