லிங்க் பாகங்கள்: துளை முதலில், உருவம் பிறகு

வீட்டுப் பட்டறையில் செய்யும் சிறிய நீராவி எஞ்சின் முன்னும் பின்னும் ஓட வேண்டுமானால் வால்வை இயக்கும் லிங்க் அமைப்பு தேவை. 1842-இல் இங்கிலாந்தின் நியூகாசிலில், ராபர்ட் ஸ்டீபன்சன் தொழிற்சாலையில் உருவான ஸ்டீபன்சன் லிங்க் இவற்றுள் பெயர்பெற்றது. எஞ்சினின் சுழல் தண்டில் இரண்டு எக்சென்ட்ரிக்குகள் (மையம் விலகிய வட்டுகள்) இருக்கும். ஒன்று முன்னோட்டத்துக்கு, மற்றது பின்னோட்டத்துக்கு. அவற்றின் கம்பிகள், வளைந்த காடி வெட்டிய லிங்க்கின் இரு முனைகளிலும் சேர்கின்றன. காடிக்குள் நகரும் டை பிளாக் வால்வுக் கம்பியை இழுக்கிறது. லிங்க்கை ஏற்றி இறக்கினால் திசை மாறும்.

எக்சென்ட்ரிக் பட்டை, கம்பி முனைப் பின், காடி, டை பிளாக் பின், வால்வுக் கம்பியின் இணைப்பு என ஐந்து இடங்களில் ஆட்டம் சேரலாம். இடத்துக்கு 0.05 மி.மீ. என்றாலே மொத்தம் கால் மில்லிமீட்டர். சிறிய எஞ்சினில் வால்வுக்கு விடும் லீட், அதாவது பிஸ்டன் முனையில் நிற்கும்போதே வால்வு திறந்திருக்கும் அளவு, பெரும்பாலும் அதைவிடக் குறைவு. ஆட்டமே லீடை விழுங்கிவிடும். ஆனால் பாகத்தின் வெளி விளிம்பு 0.2 மி.மீ. பிசகினால் எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது, பார்ப்பவர் கண்ணுக்கும் எட்டாது. ஆகவே துளைகளை முதலில் முடித்து, அவற்றையே ஆதாரமாக வைத்து உருவத்தைச் செதுக்குவதுதான் சரியான வரிசை.

பிரைட் மைல்டு ஸ்டீல் பட்டையில் ஒரு பக்கத்தை மட்டும் வெட்டினால் உள்ளே இருக்கும் இறுக்கம் தளர்ந்து பட்டை வளையும். லிங்க்குக்குக் கேஜ் பிளேட் நல்லது. விலை கூடினாலும் தட்டையாகவே நிற்கும். துளைகளின் இடத்தைக் கோடு கீறி சென்டர் பஞ்ச்சால் அடிப்பதைவிட, மில்லிங் மெஷினின் டயலைப் பார்த்து நகர்த்துவதே மேல். ஒவ்வொரு முறையும் ஒரே திசையிலிருந்து வந்து நிற்க வேண்டும். இல்லாவிட்டால் திருகின் தளர்வு கணக்கில் புகுந்துவிடும். 3 மி.மீ. துளைக்கு சென்டர் டிரில், 2.8 டிரில், ரீமர் மூன்றையும் டேபிளை அசைக்காமல் ஒன்றன்பின் ஒன்றாக விட வேண்டும். 2.8-க்குப் பதில் 2.9 டிரில் எடுத்து, அது கொஞ்சம் பெரிதாக வெட்டினால் ரீமருக்கு வேலையே இராது. ரீமர் மெதுவாக, எண்ணெயோடு சுழலட்டும். வெண்கல புஷ் போடுவதானால், அழுத்திப் பொருத்திய பிறகே ரீமர் விட வேண்டும். அழுத்தத்தில் அதன் உள்துளை சுருங்கும்.

எக்சென்ட்ரிக் கம்பிகள் இரண்டும் ஒரே நீளமாக வேண்டும் என்றால் தனித்தனியாக அளந்து பயனில்லை. இரு கம்பிகளுக்கான துண்டுகளையும் சூப்பர் குளூவால் ஒட்டிச் சேர்த்தே துளையிடலாம். பிறகு சூடேற்றினால் பிரியும். அந்தப் புகை கண்ணை எரிக்கும் என்பதால் ஜன்னல் திறந்திருக்கட்டும்.

வளைந்த காடிதான் நேரம் பிடிக்கும் வேலை. அதன் ஆரம் பொதுவாக எக்சென்ட்ரிக் கம்பியின் நீளத்துக்குச் சமம். வீட்டு ரோட்டரி டேபிள் அதைவிடச் சிறிதாக இருந்தால், டேபிளில் ஒரு தடித்த பட்டையை நீட்டிப் பூட்டி அதன் முனையில் லிங்க்கைப் பிடிக்கலாம். அப்படி நீளும் பட்டை அதிரும். அடியில் முட்டு கொடுத்து, ஒவ்வொரு சுற்றிலும் குறைவாகவே வெட்ட வேண்டும். முதலில் வளைவு நெடுகத் துளைகள், பிறகு குறுகிய கட்டர், கடைசியில் முழு அளவு கட்டர். 4 மி.மீ. கட்டர் சரியாக 4 மி.மீ. காடி வெட்டும் என்று நம்ப முடியாது. எனவே காடியை முடித்து அளந்த பிறகு அதற்கேற்ப டை பிளாக்கைச் செய்வது நல்லது. ரோட்டரி டேபிளின் அமைப்பைக் கலைக்காமல் அங்கேயே ஒரு வெண்கலத் துண்டைப் பிடித்து இரு வளைவுகளையும் வெட்டினால் ஆரம் தானாகப் பொருந்தும். பொருத்தம் ஒரு முனையில் இறுகுவதோ மறு முனையில் தளர்வதோ இராது.

ஃபோர்க் முனைகளுக்குச் சதுரக் கம்பியில் முதலில் குறுக்குத் துளை, பிறகே நடுக் காடி. காடியை முன்னே வெட்டினால் டிரில் இரண்டாம் காதில் நுழையும்போது விலகும். முனைகளை உருட்ட, கடினப்படுத்திய சில்வர் ஸ்டீல் பட்டன்களைத் துளையில் செருகிய பின்னின் இருபுறமும் மாட்டி, அரம் பட்டனில் உரசும்வரை ராவினால் போதும். பட்டன் பின்னில் தாராளமாகச் சுழல வேண்டும். இறுகி நின்றால் அரத்தின் பற்கள் மழுங்கும்.

பின்களுக்குச் சில்வர் ஸ்டீல். செர்ரிச் சிவப்பாகக் காய்ச்சி நீரில் தோய்த்து, வைக்கோல் நிறம் வரும்வரை மீண்டும் சூடாக்குவது வழக்கம். கேஜ் பிளேட் லிங்க்கைக் கடினப்படுத்துவதானால் எண்ணெயில், நிமிர்த்திப் பிடித்துத் தோய்க்க வேண்டும். மெல்லிய பக்கங்கள் அப்போதும் கோணக்கூடும். எப்போதாவது ஓடும் மாடலுக்கு லிங்க்கைக் கடினப்படுத்தாமல் விட்டாலும் பாதகமில்லை. பின்களை மட்டும் விடக்கூடாது.

பூட்டும் முன் பிசிறுகளை நீக்கி, லிங்க்கை எண்ணெயில்லாமல் கையால் முழு வீச்சும் நகர்த்திப் பார்க்க வேண்டும். எண்ணெய் இறுக்கத்தையும் மறைக்கும், ஆட்டத்தையும் மறைக்கும். இறுகும் இடத்தில் காடியைத் தொடாமல் டை பிளாக்கை மட்டும் ராவலாம். அது தேய்ந்தால் மாற்ற ஒரு சிறு வெண்கலத் துண்டு போதும்.