வறட்சியில் மரம் விடும் மூச்சு

கல்வராயன் மலையடியிலுள்ள வடக்கனந்தல் என் ஊர். 2016-இல் வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு குறைந்தது; 2017 சனவரியில் தமிழகம் முழுவதும் வறட்சி அறிவிக்கப்பட்டது. அக்கோடையில் வாடிய தைலமரங்களின் மணம் மட்டும் குறையாதது கண்டு வியந்தேன். காரணத்தைப் பின்னர் வகுப்பில் கற்றேன்.

இலைச் சுரப்பிகளில் சேர்ந்த எண்ணெய் வெப்பத்தில் ஆவியாவதே அம்மணம். நம் மூக்குக்கு எட்டாத ஐசோபிரீன் என்னும் வாயுவையும் தைலமரம் விடுகிறது. நீர் குறைந்தால் இலைத்துளைகள் மூடும், ஒளிச்சேர்க்கை தளரும், இலை சூடேறும். ஆயினும் ஐசோபிரீன் உடனே குறைவதில்லை. பஞ்சத்தில் குதிர் நெல்லை எடுத்துண்ணும் குடும்பம்போல், சேமித்த கரிமத்தைச் செலவிட்டு, வெப்பத்தைத் தாங்க மரம் அதை ஆக்குகிறது. வறட்சி நீடித்தால் அதுவும் குறையும்.

இவ்வாயு வாகனப் புகையின் நைட்ரஜன் ஆக்சைடுகளுடன் வெயிலில் சேர்ந்தால் ஓசோன் பெருகும். குற்றம் மரத்தினதன்று, புகையினது. மாணவ நண்பர்களே, பசுமையாக நிற்கும் மரமும் தன் சேமிப்பைக் கரைத்துக்கொண்டிருக்கலாம். நட்ட கன்றுக்குக் கோடையில் ஒரு குடம் நீர் ஊற்றுவோம்.