கனெக்‌ஷன் படிக்கப் போகும் பிள்ளைக்கு

எம்.எஸ்சி.யில் வகையீட்டு வடிவியல் எடுத்திருக்கிறாய் என்று உன் அம்மா சொன்னாள். சந்தோஷம். பாடத்தை உன் ஆசிரியர் நடத்திவிடுவார். கூட வேண்டிய குணத்தைப் பற்றித்தான் நான் நாலு வார்த்தை சொல்ல வேண்டும், கேட்டுக்கொள் கண்ணு.

1. ஒப்பிட அவசரப்படாதே. கள்ளக்குறிச்சிக் கரும்புக் கொல்லையில் தரையோடு ஓர் அம்பு கிடக்கிறது. கல்வராயன் மலையில், வெள்ளிமலைச் சரிவில் இன்னொன்று. இரண்டும் ஒரே திசையா? தரையை விட்டு எழும்பாமல் கேட்டால் இதற்குப் பதிலே கிடையாது. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு தொடுதளம். அங்கிருக்கும் வெக்டர் அந்தத் தளத்துக்கே சொந்தம். கீழே கிடப்பதைக் கச்சிராயபாளையம் வழியாக மலைக்குக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தால்தான் பேச்சே. எப்படிக் கொண்டுபோவது என்ற ஏற்பாடுதான் கனெக்‌ஷன். வேறு பாதையில் ஏறினால் வேறு விடை வரலாம், அதையும் பொறுத்துக்கொள்.

2. தலையாட்டாதே, போட்டுப் பார். பூமியைச் சரியான உருண்டையாக வைத்துக்கொள். நம் ஊர் ஏறத்தாழ 11.7 பாகை வடக்கு. அந்த அட்சக்கோட்டிலேயே உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றி, அம்பைத் துளியும் திருப்பாமல் ஊருக்குக் கொண்டுவா. அது சுமார் 73 பாகை திரும்பியிருக்கும்! அட்சத்தின் சைனை 360-ஆல் பெருக்கினால் போதும். நிலநடுக்கோட்டில் சுற்றினால் பூஜ்யம். இதை வகுப்பில் சொன்னபோது ஒரு பெண் மட்டும் நம்பவில்லை. அந்த அட்சக்கோட்டில் உருண்டையைத் தொட்டு நிற்கும் கூம்பைக் காகிதத்தில் செய்து, வெட்டி விரித்து, கோணமானியை வைத்து அளந்துவிட்டு மறுநாள் வந்து, "சரிதான் சார்" என்றாள். உடனே ஒத்துக்கொண்ட மற்றவர்களைவிட அவளுக்குத்தான் பாடம் படிந்தது.

3. குறியீட்டைக் கண்டு மிரளாதே. கனெக்‌ஷனை ஆயங்களில் எழுத உதவும், கிறிஸ்டாஃபல் 1869-இல் தந்த குறியீடுகள் பூஜ்யமாக இல்லாவிட்டால் வெளி வளைந்திருக்கிறது என்று நினைப்பவர்கள் உண்டு. சாதாரணச் சமதளத்தில் துருவ ஆயங்களைப் போட்டாலே ஒரு குறியீடு 'மைனஸ் ஆர்' என்று வந்து நிற்கும். வளைந்தது ஆயக்கோடு; தளம் பாவம், சும்மா கிடக்கிறது.

4. எதைத் தேர்ந்தெடுத்தாய் என்பதை மறைக்காதே. ஒரு மேனிஃபோல்டில் கனெக்‌ஷன்கள் எண்ணற்றவை. மெட்ரிக் ஒன்றைக் கொடுத்து, கொண்டுபோகும்போது நீளம் மாறக்கூடாது, முறுக்கமும் கூடாது என்றால் ஒன்றே ஒன்று மிஞ்சும்: லெவி-சிவிட்டா கனெக்‌ஷன். அதை வைத்தே கணக்கை முடித்துவிட்டு 'கனெக்‌ஷன்' என்று பொத்தாம்பொதுவாக எழுதுவது எனக்குப் பிடிக்காது. இன்னொன்று: இரண்டு கனெக்‌ஷன்களைக் கூட்டினால் கனெக்‌ஷன் வராது. கனெக்‌ஷன் கடைப்பிடிக்க வேண்டிய பெருக்கல் விதியில் சார்பின் வகைக்கெழு இரண்டு தடவை வந்துவிடும். பாதிப் பாதியாகக் கூட்டினால் வரும். ஒரு வரிக் கணக்கு, இன்றைக்கே போடு.

5. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எட்டாது என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதே. எம். எஸ். நரசிம்மன் 1932-இல் தண்டரை என்ற கிராமத்தில் பிறந்தவர். சென்னை லயோலாவில் படித்து மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போனார். கனெக்‌ஷனைப் பெருக்கல் விதியாகவே வரையறுத்துக் காட்டிய ழான்-லூயி கோசுல் அங்கே விரிவுரை நடத்தினார்; குறிப்பெழுதியவர் எஸ். ரமணன். அந்தக் குறிப்புகள் 1960-இல் வெளிவந்தன. அடுத்த வருஷமே நரசிம்மனும் ரமணனும் 'யுனிவர்சல் கனெக்‌ஷன்' உண்டு என்று நிறுவினார்கள். அதாவது, ஒரு வகைக் கற்றைகளில் வரும் கனெக்‌ஷன்களை எல்லாம் ஒரே தாய்க் கனெக்‌ஷனிலிருந்து இழுத்துக்கொண்டு வந்துவிடலாம். உலகம் முழுக்க எடுத்தாளும் தேற்றம் அது.

6. கோசுலின் அந்தக் குறிப்புகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பழசு என்று ஒதுக்காதே. பேனா இல்லாமல் படிக்கவும் படிக்காதே. எங்கேயாவது மாட்டிக்கொண்டால் ஞாயிற்றுக்கிழமை நோட்டோடு வீட்டுக்கு வா.