கரண்ட் வைக்கப் போன ஊர்

சங்கரன்கோவிலில் இருந்து சென்னைக்குப் புற்றுநோய் வைத்தியத்துக்குக் கிளம்புகிறவர்கள் இப்போதெல்லாம் எங்கள் வீட்டுக்கு ஒரு நடை வந்துவிட்டுப் போகிறார்கள். எந்த ஆஸ்பத்திரி நல்லது, எவ்வளவு செலவாகும், இந்த இரண்டையும்தான் கேட்பார்கள். நான் திருப்பிக் கேட்பது வேறு: மொத்த வைத்தியத்தையும் அங்கேயேதான் பார்க்கணும்னு டாக்டர் சொன்னாரா?

என் வீட்டுக்காரருக்கு வலது கன்னத்தின் உள்பக்கம் புண். விசைத்தறியில் ராத்திரி ஷிப்ட் நின்றவர். தூக்கம் வராமல் இருக்கப் புகையிலையை அந்தக் கன்னத்தில்தான் அடக்கிக்கொள்வார். திருநெல்வேலியில் சதை எடுத்துப் பார்த்து உறுதியானதும், சொந்தபந்தம் எல்லாம் சென்னை அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றது. எங்கள் பக்கத்தில் அந்தப் பெயருக்கு அப்படி மதிப்பு. தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் 12 படுக்கைகளோடு ஆரம்பித்த இடம் அது. அடுத்த வருஷம் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021 ஜனவரியில் காலமாகும் வரை அதற்காகவே வாழ்ந்தார். என் மாமியாருக்கு மந்திரிகள் பெயர் ஒன்றுகூடத் தெரியாது, சாந்தாம்மா பெயர் தெரியும்.

சரி, கேள்விக்கு வருகிறேன். புற்றுநோய்க்கு ஆபரேஷன், கரண்ட் என்று நாங்கள் சொல்கிற கதிர்வீச்சு, கீமோ என்று முக்கியமாக மூன்று வைத்தியம் உண்டு. யாருக்கு எது, எத்தனை என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஆபரேஷன் கைதேர்ந்தவர் செய்ய வேண்டிய காரியம், அதற்காக எவ்வளவு தூரம் போனாலும் தகும். கரண்ட் வைப்பது அப்படியில்லை. வாய், தொண்டை என்றால் பெரும்பாலும் ஆறேழு வாரம், திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் போக வேண்டும். மிஷினில் படுத்திருப்பது கால் மணி நேரம். மிச்சப் பொழுதெல்லாம் தெரியாத ஊரில் குடித்தனம். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை கீமோ மட்டும்தான் பாக்கி என்றால், மருந்தையும் அளவையும் எழுதிக்கொடுத்து, சொந்த ஊர்ப் பக்கத்திலேயே ஏற்றிக்கொள்ளச் சொல்கிற டாக்டர்கள் இருக்கிறார்கள். கரண்ட் மிஷினும் நெல்லை, தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரிகளுக்கு வந்துவிட்டது. எங்களுக்கு மூன்றும் ஒரே இடத்தில்தான் நடக்க வேண்டும் என்று டாக்டர் காரணத்தோடு சொன்னார், தங்கிவிட்டோம். கம்பத்தில் இருந்து வந்திருந்த ஒரு அம்மாவுக்கு மார்பில் ஆபரேஷன் ஆனது. மீதி கீமோவை மதுரையில் போட்டுக்கொள்ளலாமா என்று அவர் மகன் கேட்டான், கடிதம் கொடுத்து அனுப்பினார்கள். கேட்டதால் கிடைத்தது. நூறு பேர் வெளியே காத்திருக்கும்போது டாக்டர் தானாக இதையெல்லாம் எடுத்துச் சொல்வார் என்று எதிர்பார்க்க முடியாது. முன்தின ராத்திரியே கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். உள்ளே போனதும் பாதி மறந்துவிடும்.

கிளம்புவதற்கு முன் ஊரில் முடிக்க வேண்டிய வேலைகள் சில உண்டு. சதை எடுத்த லேபில் ரிப்போர்ட் பேப்பரை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். அந்தச் சதையை மெழுகுக் கட்டியில் புதைத்தும், கண்ணாடித் தகட்டில் ஒட்டியும் வைத்திருப்பார்கள். பிளாக், ஸ்லைடு என்று கேட்டால் தருவார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் அதைத் தாங்களே மறுபடி பார்த்துவிட்டுத்தான் பெரும்பாலும் வைத்தியத்தை முடிவு செய்கிறார்கள். கையில் இல்லாவிட்டால் மறுபடி சதை எடுக்க வேண்டி வரலாம், இல்லையென்றால் யாராவது ராத்திரி பஸ் ஏறி வந்து வாங்கிப் போக வேண்டும். சின்ன டிபன் டப்பாவில் பஞ்சு வைத்துக் கொண்டுபோனால் தகடு உடையாது. மெழுகு என்பதால் வெயிலில் நிற்கிற காருக்குள் விட்டுவிட்டுப் போகக் கூடாது. ஸ்கேனுக்குப் படத்தோடு சி.டி.யையும் கேட்டு வாங்குங்கள்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் அதையும் ஊரிலேயே எடுத்துவிட வேண்டும். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், 5 லட்சம் வரை பார்த்துக்கொள்கிற திட்டம் அது. வருமானச் சான்றும் ரேஷன் கார்டும் சொந்த ஊர் விலாசத்தில் இருப்பவை. சென்னையில் வார்டில் ஆளைப் படுக்க வைத்துவிட்டு, இங்கே வி.ஏ.ஓ. ஆபீசுக்கு ஆள் தேடி அலைகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: வெளியே எடுக்கிற ரூம் வாடகை, சாப்பாடு, ஆட்டோ எதுவும் இந்தக் காப்பீட்டில் வராது. வைத்தியம் இலவசமாகவே நடந்தாலும், தங்குகிற செலவு கையைக் கடிக்கும்.

ரயிலில் சலுகை உண்டு. நோயாளிக்குத் தூங்கும் வகுப்பிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் டிக்கெட் கட்டணம் கிடையாது. கூடப் போகிற ஒருவருக்கு முக்கால் பங்கு தள்ளுபடி. ஆஸ்பத்திரியில் அதற்கென்று உள்ள ஃபாரத்தில் டாக்டர் கையெழுத்தும் சீலும் வாங்கி, ஸ்டேஷன் கவுன்டரில் கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். செல்போனில் எடுத்தால் சலுகை வராது. பொதிகை எக்ஸ்பிரஸில் போகிறவர்கள் எழும்பூர் வரை போகாமல் தாம்பரத்தில் இறங்கினால், மின்சார ரயிலில் கிண்டி போய்விடலாம். அங்கிருந்து அடையாறு பக்கம். அதிகாலை என்பதால் கூட்டமும் இருக்காது.

இனி ரூம். இதைப் பற்றித்தான் நான் அதிகம் பேசுவேன், கேட்கிறவர்கள் அதிகம் சலித்துக்கொள்வதும் இதில்தான். தூரத்தில் வாடகை குறைவாகக் கிடைக்கிறது என்று போனால், மிச்சம் பிடிக்கிற காசை ஆட்டோக்காரருக்குக் கொடுக்க வேண்டியிருக்கும். பணத்தைவிட உடம்புதான் கணக்கு. மூன்றாவது வாரத்துக்கு மேல் வாயெல்லாம் புண்ணாகி, தலையை நிமிர்த்தவே தெம்பில்லாத ஆளை பஸ்ஸில் ஏற்றி இறக்க முடியாது. நாங்கள் கோட்டூரில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் சின்ன அறை எடுத்தோம். மாடிப்படி கூடாது, தனிக் கக்கூஸ் வேண்டும், மிக்சி போட பிளக் பாயின்ட் வேண்டும். வேறெதையும் நான் பார்க்கவில்லை. மிக்சி எதற்கு என்று வீட்டுக்காரம்மா சந்தேகமாகப் பார்த்தார். மூக்குக் குழாய் போட்ட பிறகு அவருக்குப் புரிந்தது. அடுத்த நாளில் இருந்து அவரே தன் ஃபிரிட்ஜில் ஒரு தட்டைக் காலி செய்து கொடுத்தார். ஆஸ்பத்திரி வாசலிலேயே ரூம் பிடித்துத் தருகிறேன் என்று ஆட்கள் வந்து நிற்பார்கள். முன்பணம் கொடுக்காதீர்கள். பெரிய ஆஸ்பத்திரிகளில் சோஷியல் வொர்க்கர் என்று ஒருவர் இருப்பார். குறைந்த வாடகைக்கும் இலவசமாகவும் தங்க வைக்கிற இடங்கள் அவருக்குத் தெரியும். ஆரம்பத்திலேயே அவரைப் போய்ப் பாருங்கள், இடம் நிரம்பிவிடும்.

குழாய் வழியாகச் சாப்பாடு கொடுப்பதை சிஸ்டர் சொல்லிக்கொடுத்தார். கஞ்சி, பருப்புத் தண்ணீர், பால், வேகவைத்த முட்டை எல்லாவற்றையும் நைசாக அரைத்து, வடிகட்டி, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை மெதுவாக விட வேண்டும். தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும், கொடுத்து அரை மணி நேரம் வரை படுக்க விடக் கூடாது. கடைசியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவாவிட்டால் அடைத்துக்கொள்ளும். குழாய் போடுவதை ஏதோ முடிவு வந்துவிட்டது போல நினைத்து நிறையப் பேர் மறுக்கிறார்கள். எங்கள் அனுபவத்தில் எடை இறங்காமல் காப்பாற்றியது அதுதான். எடை ரொம்ப இறங்கினால், கரண்ட் வைப்பதற்காக முகத்துக்கு அளவெடுத்துப் போட்ட மாஸ்க் லூசாகி, அளவெடுப்பதையே மறுபடி செய்ய வேண்டி வரும்.

பேச முடியாததால் அவருக்கு ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கிக் கொடுத்தேன். வலி என்று எழுதுவார், தண்ணி என்று எழுதுவார் என்று நினைத்தேன். முதல் பக்கம் பூராவும் தறிக்கு யார் நூல் சுற்றுகிறார்கள், கூலி வந்ததா என்ற விசாரணை. அடுத்த பக்கத்தில், சென்னை டீக்கு ஒரு வசவு. மூக்கு வழியாகப் போகிற டீக்கு ருசி எப்படித் தெரிந்தது என்று கேட்டேன், கலரைப் பார்த்தாலே தெரியுது என்று எழுதினார்.

சனி, ஞாயிறு கரண்ட் கிடையாது. ஊருக்குப் போய்விட்டு வரலாமே என்று தோன்றும். ஒரு ராத்திரி முழுக்க ரயில், மறுபடி ஒரு ராத்திரி ரயில் என்றால் தெம்பாக இருக்கிறவனே வாடிப்போவான். எங்கள் ஊர் ஆடித்தபசுத் திருவிழா சமயத்தில் இவர் போயே ஆகணும் என்று பிடிவாதமாக நின்றார். கோமதியம்மன் தபசுக்கு ஊரில் இல்லாத வருஷமே அவர் வாழ்க்கையில் இல்லை. இரண்டு நாள் விட்டால் என்ன என்று நான் டாக்டரிடம் கேட்டேன். இந்த வகைப் புற்றுநோயில் இடையில் நாள் விட விட வைத்தியத்தின் பலன் குறையும், மிஷின் ரிப்பேரானால்கூட விட்ட நாளை எப்படி ஈடு செய்வது என்று நாங்கள் கணக்குப் போடுவோம் என்றார். அதனால் கல்யாணம், சடங்கு, கொடை எதுவாக இருந்தாலும் ‘வரமாட்டோம்’ என்று முதலிலேயே ஊரில் சொல்லிவிடுங்கள். என் கொழுந்தன் செல்போனில் சப்பரத்தைக் காட்டினார். அன்றைக்கு அதுதான் எங்களுக்குத் தபசு.

கொழுந்தனார் செய்த பெரிய உதவி வேறு. விசாரிக்கிற போன்கள் எல்லாம் அவருக்குத்தான் போகும். தினமும் சாயங்காலம் நான் அவரிடம் மட்டும் பேசுவேன், அவர் மற்றவர்களுக்குச் சொல்லிவிடுவார். இந்த ஏற்பாட்டுக்கு முன்னால் ஒரே கதையைச் சித்தி, மைனி, தறி முதலாளி என்று எல்லாரிடமும் சொல்லி, போன் பண்ணுகிறவர் அழ, நான் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தேன். கூட இருக்கிறவருக்கு மாத்து ஆளும் வேண்டும். மைனி வந்து இருந்த வாரத்தில்தான் என் பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போட்டேன்.

கீமோவும் சேர்ந்து போகிறவர்கள் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஜுரம் 100.4 டிகிரியைத் தொட்டால் மாத்திரை போட்டுவிட்டு விடியட்டும் என்று இருக்கக் கூடாது. வெள்ளை அணு குறைந்திருக்கிற நேரம், கிருமி வேகமாகப் பரவும். ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஊரில் இருக்கும்போது வந்தால் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போய், கீமோ ஏற்றியிருக்கிறது என்பதை முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும்.

கரண்ட் முடிகிற நாளில் ரூமைக் காலி செய்து, பெட்டி கட்டி, அன்று ராத்திரியே ரயிலேறுகிறார்கள். ஆசை புரிகிறது. ஆனால் வாய்ப்புண் கடைசி நாளோடு நிற்பதில்லை, அதற்குப் பிறகும் ஒன்றிரண்டு வாரம் கடுமையாகவே இருக்கும். முடிந்தால் ஒரு வாரம் வாடகை கூடுதலாகக் கொடுத்து இருந்துவிட்டுப் போங்கள். முடியாவிட்டால், என்ன வைத்தியம் நடந்தது, குழாயை எப்போது எடுக்கலாம், வலிக்கு என்ன மருந்து என்று ஊர் டாக்டருக்கு ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

பல் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கரண்ட் ஆரம்பிப்பதற்கு முன்பே பல் டாக்டர் பார்த்து, எடுக்க வேண்டியதை எடுத்து, ஆறவிட்டுத்தான் தொடங்கினார்கள். கரண்ட் பட்ட தாடை எலும்புக்கு ஆறுகிற சக்தி குறைவு, பின்னாளில் பல்லைப் பிடுங்கினால் எலும்பே செத்துப்போகலாம். எத்தனை வருஷம் கழித்து என்றாலும் இந்தப் பயம் உண்டு. இவருக்குக் கடைவாய்ப் பல் வலித்தபோது நம்மூர்ப் பல் டாக்டர் கொறடை எடுத்துவிட்டார். நான் ஃபைலை நீட்டினேன். படித்துப் பார்த்துவிட்டு, பிடுங்காமல் வேரை மட்டும் சுத்தம் செய்து அடைக்கலாமா என்று அடையாறில் கேட்டுக்கொண்டு வாங்க என்று சொல்லி, மருந்து மட்டும் கொடுத்து அனுப்பினார்.