லிஃப்ட் போட்ட வண்டியில் பின்பட்டை ஏன் முறிகிறது?

மாருதி ஜிப்ஸியைத் தூக்கிக் கட்டி மலைப்பாதையில் ஓட்டுகிறவர்களிடம் பேசினால், பலரும் சொல்லும் குறை ஒன்றுதான்: "லிஃப்ட் போட்டதுக்கு அப்புறம்தான் பின்பக்கம் உடைய ஆரம்பிச்சுது." கமான் பட்டை முறிகிறது, ஷாக் மவுண்ட்டோடு பிய்ந்து வருகிறது, டயர் ஃபெண்டரைச் சீவுகிறது. உடைந்ததை மாற்றிவிட்டு மறுபடி மலையேறினால் அதே இடம்தான் மறுபடியும் போகிறது.

என் ஜிப்ஸியிலும் நண்பர்களின் வண்டிகளிலும் பின்பக்கத்தைக் கழற்றிப் பூட்டிப் பழகியதில் எனக்குப் பிடிபட்ட அடிப்படை இது. பள்ளம் மேட்டில் பின் அச்சின் ஹவுசிங் மேலே ஏறும்போதும் கீழே தொங்கும்போதும் அதை ஏதோ ஒன்று நிறுத்தியே தீரும். எது நிறுத்த வேண்டும் என்பதை நாம் முடிவு செய்யாவிட்டால், அந்த வேலைக்கென்று செய்யப்படாத ஒரு பாகம் போய் அடி வாங்கும். உடைவது அதுதான்.

டயர் கணக்கு

ஜிப்ஸிக்குக் கம்பெனி கொடுத்த டயர் 205/70 ஆர் 15. விட்டம் சுமார் 668 மி.மீ. ஆசைப்பட்டுப் போடும் 235/75 ஆர் 15 டயருக்கு விட்டம் சுமார் 733 மி.மீ. அச்சிலிருந்து மேல்நோக்கி 33 மி.மீ. கூடுகிறது, அகலத்திலும் 30 மி.மீ. கூடுகிறது. "ரெண்டு இஞ்ச் தூக்கியாச்சே, எப்படி இடிக்கும்?" என்று கேட்பார்கள். வண்டி நிற்கும்போது இடிக்காது. ஆனால் லிஃப்ட் மாற்றுவது வண்டி நிற்கும் உயரத்தை மட்டும்தான். ஹவுசிங் மேலே எதுவரை போகலாம் என்பதைப் பம்ப் ஸ்டாப்தான் தீர்மானிக்கிறது. அது பழைய இடத்திலேயே இருந்தால், பெரிய டயர் ஃபெண்டருக்குள் 33 மி.மீ. கூடுதலாகப் புகும். டயரை மாற்றினால் பம்ப் ஸ்டாப்பையும் அதற்கேற்ப இறக்கிக் கட்டியாக வேண்டும்.

டேப்பும் சாக்பீஸும்

கண்ணால் பார்த்து ஊகிக்காமல் அளந்துவிடுங்கள். சமமான கெட்டித் தரையில் முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின் ஷாக் இரண்டையும் கழற்றுங்கள். ஒரு பின்சக்கரத்தை மட்டும், பம்ப் ஸ்டாப் நன்றாக அழுந்தும்வரை ஏற்றுங்கள். மறு சக்கரம் தொங்கட்டும். சேசிஸுக்கு அடியில் ஸ்டாண்டு இல்லாமல், ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள்.

அந்த நிலையில் டயருக்கும் ஃபெண்டருக்கும் இடைவெளி, உள்பக்கம் டயருக்கும் பட்டைக்கும் இடைவெளி, சைலன்சர் குழாய், பிரேக் ஹோஸின் தொய்வு, எல்லாவற்றையும் பாருங்கள். முக்கியமாக, ஷாக்கின் மேல் மவுண்ட்டிலிருந்து கீழ் மவுண்ட்வரை இரு பக்கமும் அளந்து எழுதுங்கள். ஷாக் முழுதாக மடங்கிய நீளம், ஏறிய பக்கத்து அளவைவிட 20 மி.மீ.யாவது குறைவாக இருக்க வேண்டும். முழுதாக நீண்ட நீளம், தொங்கும் பக்கத்து அளவைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். முதல் கணக்கு தவறினால் ஷாக்கே பம்ப் ஸ்டாப் ஆகிவிடும். இரண்டாவது தவறினால் ஹவுசிங்கின் எடை முழுவதும் ஷாக்கில் தொங்கும். மவுண்ட்டைத் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள்: வெல்டிங் ஓரத்தில் பெயின்ட் மயிரிழையாக வெடித்து, அதிலிருந்து துருநீர் வடிந்திருந்தால், இந்த இரண்டில் ஒன்று ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது.

ஃபெண்டரின் உள்பக்கம் சாக்பீஸ் பூசி மெதுவாக ஒரு மேடு ஏறி இறங்குங்கள். எங்கே அழிகிறதோ அங்கே டயர் தொடுகிறது.

முறிந்த இடமே காரணம் சொல்லும்

பட்டை முறிந்தால் உடனே புதுசு வாங்க ஓடாதீர்கள். துண்டைக் கையில் எடுத்து முறிந்த முகத்தைப் பாருங்கள். பாதி பழுப்பாகத் துருவேறி, மீதி பளபளவென்று மணல்மணலாக இருந்தால், விரிசல் வெகு நாளாக ஓடியிருக்கிறது. கடைசிக் குழி அதை முடித்துவைத்தது, அவ்வளவே.

சென்டர் போல்ட் துளையில் முறிந்திருந்தால், பட்டையை ஹவுசிங்கோடு இறுக்கிப் பிடிக்கும் யூ போல்ட்டை முதலில் சந்தேகப்படுங்கள். துளைதான் பட்டையின் பலவீனமான இடம். யூ போல்ட் இறுக்கமாக இருக்கும்வரை அந்த இடம் வளைய வழியில்லை. தளர்ந்தால் ஒவ்வொரு குலுக்கலுக்கும் அங்கேதான் வளையும். பட்டை முழுசாக இருந்து சென்டர் போல்ட் மட்டும் அறுந்திருந்தாலும் பெரும்பாலும் காரணம் அதுவே. அப்போது பட்டையின் முன்முனை வளையத்தில் (ஐ) உள்ள போல்ட்டிலிருந்து ஹவுசிங்வரை இரு பக்கமும் அளந்து ஒப்பிடுங்கள். வித்தியாசம் வந்தால் ஹவுசிங் நகர்ந்துவிட்டது.

யூ போல்ட் பிளேட்டுக்குச் சற்று முன்னால் முறிந்து, மீதிப் பட்டை நெளிந்திருந்தால், ஏற்றத்தில் ஹவுசிங் முறுக்கிக்கொள்கிறது என்று பொருள். உயரத்துக்காகப் பட்டைக்கும் ஹவுசிங்குக்கும் நடுவே வைத்த பிளாக் அந்த முறுக்கை நெம்புகோல் மாதிரி பெருக்கும். பிளாக்கின் மேல் பிளாக் வைப்பது கூடவே கூடாது. ஐ அருகே முறிந்திருந்தால் புஷ் இறுகியிருக்கலாம், அல்லது பட்டை முனையைத் தாங்கும் ஷாக்கிள் சேசிஸில் முட்டி நின்றிருக்கலாம். பட்டை நீள்வதற்கு இடமே இருந்திருக்காது.

சுலப வழிகள்

"ஒரு பட்டை ஏத்திக் கட்டிடலாம் சார்" என்று பட்டறையில் சொல்வார்கள். உயரம் வரும், ஆனால் பின்பக்கம் விறைத்துப்போகும். சக்கரம் தொங்க வேண்டிய இடத்தில் அந்தரத்தில் நிற்கும். உலையில் காய்ச்சி வளைவு ஏற்றிய பட்டை, பதம் திரும்பப் பிடிக்காவிட்டால் சீக்கிரமே உட்கார்ந்துவிடும். முறிந்த பட்டையை வெல்டிங் வைத்து ஓட்டுவது உயிரோடு விளையாட்டு.

நீளமான ஷாக்கிள் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 50 மி.மீ. நீட்டினால் பாதிதான், 25 மி.மீ.தான், உயரமாகக் கிடைக்கும். கூடவே ஹவுசிங்கின் மூக்கு மேல்நோக்கித் திரும்பும். புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் இரு முனைக் கோணமும் பொருந்தாமல் வண்டி அதிரும், யுனிவர்சல் ஜாயின்ட் கிராஸ் தேயும். இரும்பு ஆப்புத்தகடு வைத்துக் கோணத்தைச் சரிசெய்யுங்கள். சக்கரம் முழுதாகத் தொங்கும்போது ஷாஃப்ட்டின் ஸ்ப்ளைன் கழன்றுவிடாத அளவுக்கு உள்ளே இருக்கிறதா என்றும் பாருங்கள்.

யூ போல்ட்டை ஒருமுறை கழற்றினால் புதுசுதான் போட வேண்டும். பழையது ஏற்கெனவே இழுபட்டது. வண்டியின் எடை சக்கரத்தில் இருக்கும்போது குறுக்கும் நெடுக்குமாக, மேனுவல் சொல்லும் அளவுக்கு டார்க் ரென்ச்சில் இறுக்குங்கள். முதல் ஓட்டம் முடிந்ததும் மறுபடி இறுக்குங்கள்.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றுவதற்குக் கட்டுப்பாடு விதிக்கிறது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பொதுச்சாலையில் ஓடும் வண்டியென்றால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

லிஃப்ட்டுக்கு ஒதுக்கும் பணத்தில் முதல் பங்கு பம்ப் ஸ்டாப்புக்கும் யூ போல்ட்டுக்கும் போகட்டும். அடுத்தது அளவுக்கேற்ற ஷாக், நீளமான பிரேக் ஹோஸ். மிச்சம் இருப்பதில் எவ்வளவு உயரம் கிடைக்கிறதோ அந்த உயரம் போதும். நம்மை நம்பிப் பின்சீட்டில் உட்கார்ந்து வருகிறவர்களைப் பத்திரமாக மலை இறக்கிக்கொண்டுவர அதற்குமேல் தேவையில்லை.